மிச்சப் பிரதி

கீரனூர்,
19-8-1963

அன்புள்ள ஆரோக்கியம்,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நலம் இல்லாததால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவும் அம்மாவும் தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன். விளக்குத் திரியை மிகவும் இறக்கி வைத்திருப்பதால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், பொறுத்துக்கொள். பதிலை வீட்டுக்கு எழுதாதே. பள்ளி முகவரியில், தையல் டீச்சர் சிவனம்மாள் பெயருக்கு எழுது. பிரிக்காமல் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அப்பா கையில் கிடைத்தால் மறுநாளிலிருந்து எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. கல்யாணம் பேசியிருக்கும் பெண் கடிதம் எழுதுவதை எங்கள் பக்கம் எப்படிப் பேசுவார்கள் என்று உனக்கே தெரியும்.

ஆமாம், கல்யாணம் பேசிவிட்டார்கள். வைகாசியில் அக்கா பிரசவக் காய்ச்சலில் போனாள். அடுத்த வாரமே உன் அப்பாவுக்கு மாற்றலாகி நீங்கள் திண்டுக்கல் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நேற்றுச் சுருளிவேல் மாமா கைக்குழந்தையோடு வந்திருந்தார். அக்காவின் வீட்டுக்காரர் என்பதற்கு முன்பே அவர் எனக்கு மாமா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. நான் அல்ஜீப்ரா போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா என்னைப் பார்க்காமல் அப்பாவிடம் சொன்னாள்:

"ஏனுங்க, வேற எவளாச்சும் வந்தா எம் பேத்திய மடியில போட்டுக்குவாளா? இருக்கறவ சும்மாதான இருக்கறா. இவளையே சுருளிவேலுக்குக் குடுத்துப்போடலாம்."

"பரீட்ச எழுதட்டும்னு பாத்தேன்" என்றார் அப்பா.

"பரீட்ச கொழந்தைக்குப் பாலு குடுக்குமா?"

தை மாதம் என்று முடிவாயிற்று. பள்ளி இறுதிப் பரீட்சை மார்ச்சில். மாமா குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சின்ன வயதில் என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்துச் சந்தைக்குக் கூட்டிப்போனவர். குறை சொல்ல ஒன்றும் இல்லாததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சும்மாதான் இருக்கிறாள் என்று அம்மா சொன்னது பொய் இல்லை. பால் கறந்ததும் பருத்தி எடுத்ததும் சோறாக்கியதும் அக்கா, கல்யாணமான பிறகும் அவள்தான் வந்து செய்தாள். எட்டாம் வகுப்போடு அவளை நிறுத்தினார்கள். வீட்டுக்கு ஒருத்தி போதும் என்பதால் என்னைப் படிக்க விட்டார்கள். இப்போது அந்த ஒருத்தி இல்லை.

மதுரைக் கல்லூரியில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று எழுது. எனக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
சண்முகவள்ளி


மேட்டுப்பட்டி, திண்டுக்கல்,
27-8-1963

வள்ளி,

காலை வண்டியில் மதுரை போகும்போது எழுதுகிறேன். அம்பாத்துறை வரை வண்டி ஆடாமல் போகாது. உன் எழுத்தும் என் எழுத்தும் இப்போது ஒரே லட்சணத்தில்தான் இருக்கும்.

நீ எழுதியதைப் படித்து அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. "மாட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் இல்லையா? என் அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் புள்ள பச்ச மண்ணுடீ, அது எங்கிட்டு வாயத் தொறக்கப் போகுது. நீதான் ஊருக்கே சேத்துப் பேசுறியே" என்றார். உன்னைப் பற்றிக் கேட்கப் போய் எனக்குத்தான் வசவு கிடைத்தது.

சரி, கல்லூரிப் பாடம். போன வாரம் எங்கள் தாவரவியல் மிஸ் ஒரு கேள்வி கேட்டார். உயிருள்ள எல்லாவற்றின் உள்ளேயும், இலை இப்படி இரு, ரத்தம் இப்படி இரு என்று சொல்லும் கட்டளைகள் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டளைக்கும் ஜீன் என்று பெயர். அது தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வருவது. அவர்களுக்கு அவர்களுடைய தாய் தகப்பனிடமிருந்து வந்தது. அப்படியானால் முன்பு இல்லாத புதுக் கட்டளை எங்கிருந்து வரும்? நான் மட்டும் "கடவுள், மிஸ்" என்றேன். மிஸ் சிரிக்கவில்லை. "அவர் எந்த வழியாகச் செய்கிறார் என்றுதான் கேட்கிறேன்" என்றார்.

விடை இதுதான். சில சமயம் ஒரு ஜீன் தவறுதலாக இரண்டு பிரதி ஆகிவிடுமாம். இரண்டில் ஒன்று பழைய வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மற்றது மிச்சம். அதில் பிழை விழுந்தாலும் செடி சாகாது, வேலைதான் நடக்கிறதே. பிழைமேல் பிழை விழுந்து, எத்தனையோ தலைமுறை கழித்து, அந்த மிச்சப் பிரதி யாரும் செய்யாத ஒரு வேலையைச் செய்யத் தொடங்கும். அப்படித்தான் புது ஜீன் பிறக்கிறதாம். இன்னும் ஊகம்தான், கண்ணால் பார்த்தவர் இல்லை என்றும் சொன்னார்.

உன் கடிதத்தில் "சும்மாதான இருக்கறா" என்று படித்ததும் எனக்கு அந்த வகுப்புதான் நினைவு வந்தது.

இன்னொன்று கேள். உங்கள் வேலியில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்குமே கண்வலிக் கொடி, அதன் கிழங்கில் ஒரு மருந்து இருக்கிறது. அதில் விதையை ஊறவைத்தால், செடியின் ஒரு ஜீன் இல்லை, அத்தனை ஜீனும் இரண்டு மடங்காகிவிடும். மிஸ் மிளகாயில் செய்திருக்கிறார். இலை தடித்து, பூ பெரிதாகி வந்ததாம். நானோ மூன்றாம் மாடி ஆய்வுக்கூடத்தில் உருப்பெருக்கிக்கான கண்ணாடிச் சில்லைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். நீ கிழங்குக்கு நடுவிலேயே குடியிருக்கிறாய். செய்து பாரேன். கையை மட்டும் நன்றாகக் கழுவு.

ஆரோக்கியம்மாள்


கீரனூர்,
20-9-1963

அன்புள்ள ஆரோக்கியம்,

இதை எழுதும்போது என் வலப்பக்கத்தில் அம்மா படுத்திருக்கிறாள். அவள் முந்தானையையும் என் தாவணியையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தாள். அவிழ்த்துவிட்டு எழுதுகிறேன். முடித்ததும் அம்மா போட்டது போலவே மறுபடி போட வேண்டும். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நீ எழுதியபடி மேற்கு வேலி ஓரத்தில் ஒரு கிழங்கைத் தோண்டினேன். சீவி, ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டேன். மிளகாய் விதையைத் துணியில் முடிந்து அதற்குள் போட்டுத் தானியக் குதிருக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். மறுநாள் காலை விதையை மட்டும் எடுத்து முருங்கைமரத்தடியில் ஊன்றினேன். கிழங்கை அப்போதே புதைத்திருக்க வேண்டும். பள்ளிக்கு நேரமாகிவிட்டது. சாயங்காலம் வந்து புதைக்கலாம் என்று ஓடிவிட்டேன்.

அன்று அம்மா குதிரிலிருந்து கம்பு எடுக்கப் போயிருக்கிறாள்.

எங்கள் பக்கம் அந்தக் கிழங்கை வீட்டுக்குள் கொண்டுவருகிறவர்கள் எதற்குக் கொண்டுவருவார்கள் என்பது உனக்கு நினைவில்லையா? போன வருஷம் பக்கத்துத் தோட்டத்துப் பெருமாள்சாமியின் மனைவி அதை அரைத்துக் குடித்துத்தான் செத்தாள். உங்கள் மிஸ்ஸுக்கு அது மருந்து. இங்கே அதற்கு ஒரே ஓர் உபயோகம்தான் தெரியும். நான் அதை யோசிக்கவே இல்லை. மிளகாயையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி விட்டு வந்து புத்தகப்பையை இறக்குவதற்குள் அப்பா என் தாடையைப் பிடித்தார், அம்மா உப்புத்தண்ணீரை வாயில் ஊற்றினாள். எதற்கு என்று கேட்க வாயைத் திறந்தால் இன்னும் ஊற்றினாள். மத்தியானம் சாப்பிட்ட தயிர்சாதம் எல்லாம் வெளியே வந்தது. அம்மா அதைக் குச்சியால் கிளறிப் பார்த்தாள். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது.

அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அக்கா போனபோதுகூட வெளியே போய் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர். அவர் தரையில் உட்கார்ந்து, "வேண்டாங் கண்ணு, கல்யாணமே வேண்டாம். நீ உசுரோட இருந்தாப் போதும்" என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அது எனக்கில்லை, மிளகாய்க்கு என்று சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். கல்யாணமும் தையில் நடந்திருக்கும்.

நான் சொல்லவில்லை.

மறுநாளே மாமாவுக்கு ஆள் போயிற்று. அவர் இனி வரமாட்டார் போலிருக்கிறது. அம்மா என்னைத் தனியாகக் கிணற்றடிக்குக்கூட விடுவதில்லை. நான் என்ன செய்வது?

வள்ளி


திண்டுக்கல்,
30-9-1963

வள்ளி,

உப்புத்தண்ணீர் என்ற இடத்தில் வண்டியிலேயே சிரித்துவிட்டேன். எதிரில் இருந்த பாட்டையா முறைத்தார். அடுத்த வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. கிழங்கு என்றால் உங்கள் பக்கம் என்ன நினைப்பார்கள் என்று எனக்கும் தோன்றவில்லை. மூன்று வருஷம் அந்த ஊரில் இருந்திருக்கிறேன்.

ஆனால் இப்போது நான் சொல்வதைக் கேள். வாயைத் திறக்காதே.

நீ பொய் சொல்லவில்லை. அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். "மாட்டேன்" என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. உனக்குப் பதிலாக ஒரு கிழங்கு சொல்லிவிட்டது. அது சொன்னதை நீ போய் இல்லை என்று மறுக்கவா போகிறாய்? மார்ச் மாதம் பரீட்சை எழுது. பிறகு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

விதை முளைத்ததா? அதை ஏன் எழுதவில்லை?

ஆரோக்கியம்மாள்


கீரனூர்,
25-10-1963

அன்புள்ள ஆரோக்கியம்,

விதைகளில் பாதிக்குமேல் முளைக்கவே இல்லை. முளைத்தவை தண்டு வீங்கிக் குட்டையாக நின்று, ஒவ்வொன்றாகச் செத்தன. ஒன்றே ஒன்று தப்பியிருக்கிறது. பக்கத்தில் ஊறவைக்காமல் ஊன்றிய சாதாரணச் செடிகள் முழங்கால் உயரம் வந்துவிட்டன. இது சாண் அளவுதான். ஆனால் இலை வெற்றிலையைத் தொடுவது போல் தடிப்பு, கறுத்த பச்சை. இது இரண்டு மடங்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரிந்துகொள்ள என்னிடம் ஒன்றுமில்லை.

உன் யோசனைப்படி வாயைத் திறக்கவில்லை. அதனால் வீட்டில் நடப்பதையும் கேள். அரிவாள்மனையை அம்மா இப்போது பரணில் வைக்கிறாள். எனக்குப் போடும் சோற்றை முதலில் அவள் ஒரு வாய் தின்கிறாள். பள்ளி விடும் நேரத்துக்கு வாசலுக்கு வந்துவிடுகிறாள். "ஏன் வள்ளி, உங்கம்மா என்ன போலீஸா" என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். இரவில் நான் புரண்டால் உடனே எழுந்து என் மூக்கருகில் கையை வைத்துப் பார்க்கிறாள். அவள் அரைத் தூக்கத்துக்கு நடுவில்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது. இந்தக் கடிதம் மூன்று நாளாக எழுதியது.

மாமா வருவதே இல்லை. "என்னையக் கட்டறதுக்குச் சாகலாம்னு நெனச்சிருக்குது அந்தப் புள்ள" என்று சந்தையில் யாரிடமோ சொன்னாராம். குழந்தையை அவருடைய சித்தி பார்த்துக்கொள்கிறாள். அந்த அம்மாளுக்குக் கண் சரியாகத் தெரியாது. குழந்தையின் தொடை மடிப்பில் புண் வந்திருப்பதாகக் கேள்வி. பேத்திக்காகத்தான் அம்மா இந்தக் கல்யாணத்தைக் கேட்டாள். இப்போது பேத்தியும் கையில் இல்லை, மகளும் எப்போது போவாளோ என்று இருக்கிறாள்.

உன் மிஸ்ஸிடம் ஒன்று கேட்டு எழுது. முதல் பிரதி கெட்டுப்போனால் என்ன ஆகும்? மிச்சப் பிரதி பழைய வேலைக்குத் திரும்பிப் போகத்தானே வேண்டும்? இல்லாவிட்டால் செடி செத்துவிடுமே. அப்படியானால் மிச்சம் என்பது எப்போதுமே மிச்சம் இல்லை. முதல் பிரதி இருக்கும்வரைதான் அதற்கு விடுதலை. நீ அதை எழுதவில்லை.

வள்ளி


திண்டுக்கல்,
8-11-1963

வள்ளி,

உன் கேள்வியை என் கேள்வி மாதிரி மிஸ்ஸிடம் கேட்டேன். மிஸ் கையில் இருந்த சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "இது நீ யோசித்ததா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டேன். உன் பெயரையும் ஊரையும் கேட்டுக்கொண்டார்.

மிஸ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ சொன்னது சரி. முதல் பிரதி போய்விட்டால், மிச்சம் இன்னும் கெடாமல் இருந்தால், அதுதான் பழைய வேலைக்குப் போகும். அதோடு முடிந்தது, புதியது எதுவும் பிறக்காது. இன்னொன்றும் சொன்னார். எழுதவேண்டாம் என்று இருந்தேன், எழுதிவிடுகிறேன். மிச்சப் பிரதிகளில் பெரும்பாலானவை புது வேலை எதுவும் கற்பதில்லை. சும்மா கெட்டுப்போய்விடும். லட்சத்தில் ஒன்றுதான் தப்பும்.

அந்த ஒன்றுக்கு நம் ரத்தத்தையே உதாரணம் காட்டினார். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கு நம்மைப் போன்ற ரத்தம் இல்லையாம். தாயின் ரத்தத்திலிருந்து பிராணவாயுவை இழுத்துக்கொள்வதற்கென்று அதற்குத் தனி ரகம். பிறந்த சில மாதத்தில் அது போய் நம்முடையது வந்துவிடும். இரண்டுக்கும் கட்டளை தருவது ஒரே பழைய ஜீனின் பிரதிகள்தான் என்று இப்போது கண்டுபிடித்திருக்கிறார்களாம். மிச்சமாக நின்ற பிரதி மாறி மாறி, வயிற்றுப் பிள்ளைக்கு மூச்சுக் கொடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டது. உன் அக்காவின் குழந்தை அந்த ரத்தத்தில்தான் பத்து மாதம் இருந்தது.

இனி நான் சொல்வது. நீ போய் உண்மையைச் சொல்லப்போகிறாய் என்று உன் கடிதத்தில் வாசனை அடிக்கிறது. சொன்னால் தையில் கல்யாணம், மாசியில் மாட்டுக்கொட்டில். இம்புட்டுப் படித்துவிட்டு அந்தக் குழியில் நீயாக இறங்கினால் எனக்கு இனிக் கடிதம் எழுதாதே. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ஆரோக்கியம்மாள்


கீரனூர்,
2-12-1963

அன்புள்ள ஆரோக்கியம்,

எழுதாதே என்று சொல்லியிருக்கிறாய். இது ஒன்றை மட்டும் படித்துவிடு.

கார்த்திகை பிறந்ததும் வேலி முழுக்கக் கண்வலி பூத்தது. சனிக்கிழமை விடிந்து பார்க்கிறேன், அம்மா வேலியோரம் உட்கார்ந்து கொடிகளைக் கிழங்கோடு பிடுங்கிக்கொண்டிருக்கிறாள். எங்கள் வேலியை முடித்துவிட்டுப் பெருமாள்சாமி வேலிக்குப் போனாள். அவர் வந்து, "ஏனுங்க, எம்பட வேலியில உங்களுக்கு என்ன வேலைங்க?" என்று கேட்டார். அம்மா தலையை நிமிர்த்தாமல், "உங்க ஊட்ல போனது போதாதுங்களா?" என்றாள். அவர் அவளுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தானும் பிடுங்க ஆரம்பித்தார். மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் இரண்டு கையும் முள் கிழித்து ரத்தமாக இருந்தது. சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் தின்றாள். அப்போதும் என் தட்டில் முதல் வாய் அவள்தான்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

அம்மாவிடம் சொன்னால் நம்பமாட்டாள், தப்பிக்கச் சொல்கிறேன் என்பாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை, டீச்சர் வீட்டில் பாடம் என்று சொல்லி, அம்மா கொண்டுவந்து விட்டுப் போனதும் பின்பக்கமாக மாமா தோட்டத்துக்கு நடந்தேன். மாமா கத்தரிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கிணற்றுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"மாமா, கிழங்கு எனக்கில்லீங்க" என்றேன். "மிளகாய்க்குங்க."

"மிளகாய்க்கா?"

"ஆமாங்க. விதைய ஊறப்போட்டேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் அம்மிணி, மிளகா என்ன பாவம் பண்ணுச்சு? அதுக்குமா கல்யாணம் பேசுனாங்க?"

நான் சிரிக்கவில்லை. ஒடித்துக்கொண்டுபோன ஓர் இலையைக் காட்டினேன். அவர் அதை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார், தன் பாத்தியிலிருந்து ஒரு மிளகாய் இலையைக் கிள்ளிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு மாசமா நான் ராத்திரி தூங்கலே. உங்கக்கா கனவுல வந்து, எந் தங்கச்சியையும் கொன்னுபோட்டயான்னு கேக்கறா." பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "அப்ப என்னையக் கட்டறதுல உனக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார்.

இதற்குத்தான் நீயும் பயந்தாய், நானும் பயந்தேன். எனக்காகப் பேசிய கிழங்கை நான்தான் பிடுங்கி எறிந்திருந்தேன். இனி நானே பேசவேண்டும்.

"வேண்டாங்க மாமா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "எனக்கு உங்கமேல கோவமில்லீங்க. அக்கா செஞ்சதையெல்லாம் நான் செய்யோணும்னு நெனைக்கறீங்க. நான் அக்கா இல்லீங்க. எனக்குப் படிக்கோணும்."

அவர் எழுந்து மண்வெட்டியை எடுத்து வரப்பில் சாய்த்துவைத்தார். என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து, இந்தத் தடவை பின்னால், வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

அம்மா முதலில் நம்பவில்லை. முருங்கைமரத்தடிக்கு இழுத்துப்போய்ச் செடியைக் காட்டினேன். செடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கட்டுப்போட்ட கையாலேயே என் கன்னத்தில் அறைந்தாள். பிறகு உள்ளே போய் ஒரு வட்டில் நிறையச் சோறு போட்டுத் தின்றாள். இத்தனை நாளில் அவள் அப்படித் தின்று நான் பார்க்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, "அப்ப தையிலயே வெச்சுக்கலாம்" என்றாள்.

நீ சொன்னபடியேதான்.

"வேண்டாங்கா" என்றார் மாமா. "சாவறேன்னு பயங்காட்டியிருந்தா, ஏதோ பயத்துல செஞ்சுது, போகப்போகச் சரியாயிரும்னு இருந்திருப்பேன். இது எம் மூஞ்சியப் பாத்து வேண்டாம்னு சொல்லிப்போடுச்சு. இனி நான் எப்படிக் கட்டுவேன்?"

"கொழந்தைக்கு யாருடா?"

"நாந்தான் இருக்கறேன்ல" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா அவரையும் என்னையும் சேர்த்து வைதாள்.

இன்று இரவு அம்மா முடிச்சுப் போடவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

வள்ளி


திண்டுக்கல்,
12-12-1963

வள்ளி,

வந்த கடிதத்தை இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். கோபத்தில் இல்லை. கல்யாணப் பத்திரிகையோ என்று பயம்.

உனக்கு வாய் இல்லை என்று நான் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உன் இடத்தில் நான் இருந்தால் சொல்லியிருக்கமாட்டேன், நிச்சயமாக. மார்ச் வரை என் அம்மாவைச் சோறு ருசி பார்க்க விட்டுவிட்டு நான் பாட்டுக்குப் படித்திருப்பேன். இதை என் அம்மாவிடம் சொன்னேன். "தெரியும்டீ" என்றார்.

செடி காய்த்தால் விதை எடுத்து அனுப்பு. மிஸ் உருப்பெருக்கியில் பார்த்து இரண்டு மடங்குதானா என்று சொல்கிறேன் என்கிறார்.

எழுது.

ஆரோக்கியம்மாள்


கீரனூர்,
8-3-1964

அன்புள்ள ஆரோக்கியம்,

எழுத்து நேராக இருப்பதைப் பார்த்திருப்பாய். இன்று பகலில் எழுதுகிறேன். அப்பா எதிரில் கயிறு திரித்துக்கொண்டிருக்கிறார். யாருக்கு என்று கேட்டார், சொன்னேன். "வாத்தியாரு நல்லா இருக்காரான்னு கேட்டு எழுது" என்றார். உன் அப்பா நலமா?

தையில் கல்யாணம் நடந்தது. மாமாவுக்கும் எரியோடு ஊர்ப் பெண் ஒருத்திக்கும். முகூர்த்த நேரத்தில் குழந்தை என் மடியில் இருந்தது. தாலி கட்டி முடிந்ததும் அந்தப் பெண் எழுந்து வந்து கையை நீட்டினாள். குழந்தை என் தாவணியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தேன். நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள், குழந்தையின் புண் ஆறிவிட்டது. போன வாரம் போயிருந்தபோது குழந்தை அவளைப் பார்த்து "ம்மா" என்றது. என்னிடம் வரமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. இது நான் கேட்டு வாங்கியது. இருந்தாலும் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அக்கா நினைவாகவே இருந்தது.

அம்மா கல்யாணத்திலிருந்து என்னோடு பேசுவதில்லை. சோறு போடுவாள், தட்டை நகர்த்துவாள், அவ்வளவுதான். கேட்டதற்கும் அப்பாவைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள்.

செடி காய்த்தது. பூ பெரிதாகத்தான் பூத்தது, பிஞ்சு பிஞ்சாக உதிர்ந்து கடைசியில் மூன்று காய் நின்றது. ஒரு நாள் பள்ளி விட்டு வந்து பார்க்கிறேன், செடியைச் சுற்றி ஆடு மேயாமல் முள் கட்டியிருந்தது. அப்பாவிடம் கேட்டேன், அவர் கட்டவில்லை என்றார். நான் அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை.

இன்று காலை காயை உரித்தேன். சாதாரண மிளகாயில் கொள்ளை விதை இருக்கும். இதில் மூன்றிலும் சேர்த்து ஏழே விதை, ஆனால் பெரியவை. அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் வந்து என் பின்னால் நின்றாள்.

"இதுல அப்படி என்ன புதுசா இருக்குது?" என்றாள்.

என்னிடம்தான் கேட்டாள். அப்பா அங்கே இல்லை.

"புதுசா ஒண்ணும் இல்லீம்மா" என்றேன். "எல்லாம் பழசுதான், ரெண்டு மடங்கா இருக்குது."

"அப்பறம் எதுக்கு இந்தப் பாடு?"

ஒன்று வேலையைப் பார்க்கும், இன்னொன்று மாறிப் பார்க்கலாம், பெரும்பாலும் கெட்டுத்தான் போகும், தப்பினால் என்ன ஆகும் என்று இப்போது யாருக்கும் தெரியாது என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அம்மா ஒரு விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். அந்தக் கையில் முள் கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது.

"பரீட்ச என்னைக்கு?" என்றாள்.

"பதினாறாந் தேதிங்கம்மா."

"அதுக்கு முந்தி இத ஊன்றாதே. படிப்பப் பாரு. வெதை எங்கயும் ஓடிப்போயிராது" என்று சொல்லி, அந்த ஒன்றை முந்தானை நுனியில் வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

மீதி ஆறு. மூன்றை இத்துடன் வைத்திருக்கிறேன், மிஸ்ஸிடம் கொடு.

இப்படிக்கு,
சண்முகவள்ளி